காலை மட்டும்

வெந்நீர் ஊற்றுக்கு வருகிறவர்களைத் துண்டுக்காரம்மா வலிக்கிற இடத்தை வைத்துத்தான் கூப்பிடுவார். வாசலில் ஒரு சிறிய திறப்பு. அதற்குப் பின்னால் மடித்து அடுக்கிய துண்டுகள், ஆணியில் தொங்கும் சாவிகள், ஒரு சுவர்க் கடிகாரம், அவர். அங்கிருந்தபடியே குளம் முழுவதும் கேட்கும்படி அவரால் பேச முடியும்.

"இடுப்பு, உங்க நேரம் முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. தண்ணி உங்களைப் பிடிச்சு வச்சுக்கிட்டிருக்கா?"

"முழங்கால் ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. படி எல்லாருக்கும் பொது."

யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வலியைச் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருக்கிறார் என்பதே பாதி வலியைக் குறைத்தது போலத்தான் எல்லோரும் நடந்துகொண்டார்கள்.

முடி திருத்துபவருக்கு அங்கே 'கால்' என்று பெயர். ஆனால் அவருக்கு வலித்தது வலது தோள்.

அவர் வேலை செய்யும் ஊரில் அவரைக் கத்தரி என்பார்கள். ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக ஒரே கடை. மூன்று நாற்காலிகளில் நடு நாற்காலி அவருடையது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள் சட்டையை மாட்டக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அதிலிருந்து கை மார்புக்கு மேல் வர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு வெட்டினார். வாடிக்கையாளர்கள் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருவர், "கத்தரி, என் காது ரெண்டும் ஒரே உயரத்துலதானே இருக்கு? கண்ணாடியில பார்த்தா சந்தேகமா இருக்கே" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கத்தரியும் சிரித்தார். அன்று சாயங்காலம் முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

முதலாளி அவரைவிடப் பத்து வயது சின்னவர். அப்பா நடத்திய கடையை எடுத்து நடத்திக்கொண்டே, பக்கத்து நாற்காலியில் தானும் முடி வெட்டுகிறவர். கத்தரியை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கத்தரி அவரைத் தம்பி என்பார்.

"அண்ணே, பன்னிரண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க. உங்க தங்கச்சி ஊர்லதான் வெந்நீர் ஊற்று இருக்குன்னு சொல்வீங்களே, அங்க போங்க. லீவு முடியற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு போன் பண்ணுங்க. கை தலை வரைக்கும் வருதா, வரலையா. அது ஒண்ணு சொன்னா போதும்." அவர் கத்தரியை நேராகப் பார்க்காமல் கண்ணாடிக்குள் இருந்த கத்தரியைப் பார்த்துப் பேசினார். "வரலைன்னா, திங்கட்கிழமையிலேர்ந்து நாற்காலியை வேற ஒருத்தருக்குக் கொடுக்கணும். பக்கத்துத் தெருவுல ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார். அவருக்கும் குடும்பம் இருக்கு. எனக்கு வேற வழி தெரியல அண்ணே."

"சரி தம்பி" என்றார் கத்தரி. எதற்கும் சரி என்று சொல்லிப் பழகியவர் அவர்.

மறுநாள் டாக்டரிடம் போனார். டாக்டர் தோளை அழுத்திப் பார்த்தார், கையைச் சுற்றிப் பார்த்தார், வெந்நீர் ஊற்றுக்குப் போகிறேன் என்றதும் நல்லது என்றார். பெயரும் போன் நம்பரும் அச்சடித்த ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். கத்தரி சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அதில் அழகான கையெழுத்தில் இவ்வளவுதான் இருந்தது:

*ஊற்று நீர். காலை மட்டும். பதினைந்து நிமிடம். பிறகு ஓய்வு.*

பஸ்ஸில் போகும்போது அதை நான்கு முறை படித்தார். தோள் வலிக்கிறது, காலை மட்டும் நீரில் வைக்கச் சொல்கிறார் டாக்டர். முதலில் அவருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் படித்தவர் காரணம் இல்லாமல் எழுதமாட்டார். நாள் முழுக்க நிற்கிறவனுக்கு நரம்பெல்லாம் காலில்தானே போய் முடியும் என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டார். ஊர் வந்து சேர்வதற்குள் அந்த விளக்கம் டாக்டரே சொன்னது போல அவர் மனதில் உட்கார்ந்துவிட்டது.

தங்கை ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். கணவர் வெளியூரில். அண்ணனுக்கு முன் அறையைக் காலி செய்து கொடுத்திருந்தாள். முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"ஏண்ணே, தோள் வலிக்குக் காலை நனைப்பாங்களா?"

"தலைவலிக்கு மாத்திரையை எங்க போடற? தலையிலயா? வயித்துக்குள்ளதானே?"

அவள் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனாள். கத்தரிக்கே இப்படி ஒரு பதில் தன்னிடம் இருந்தது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்புவார். நான்கு தெரு தாண்டினால் ஊற்று. கல் சுவரும் தகரக் கூரையும் உள்ள நீளமான கட்டடம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். உள்ளே நுழைந்ததும் தீக்குச்சி உரசின மாதிரி ஒரு வாசனை. குளத்தில் இறங்க மூன்று படிகள். முதல் படியில் நீர் கெண்டைக்காலுக்கு, இரண்டாவதில் இடுப்புக்கு, மூன்றாவதில் உட்கார்ந்தால் கழுத்துக்கு. முதல் நாள் அவர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு குளத்தின் விளிம்பில் உட்கார்ந்ததைத் துண்டுக்காரம்மா பார்த்தார்.

"காலா? சில்லுனு இருக்கும், வெறும் கல்லுல உக்காராதீங்க. கால்காரங்களுக்குன்னு பலகை இருக்கு. எடுத்துப் போட்டுக்கோங்க."

அன்பாகச் சொன்னார். சின்ன உதவிதான். அதை மறுத்து, எனக்குக் கால் இல்லை, தோள் என்று சொல்வது மரியாதைக் குறைவாகக் கத்தரிக்குப் பட்டது. பலகையைப் போட்டுக்கொண்டார். பெயரும் நிலைத்துவிட்டது.

தினமும் பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீரில் கால் இரண்டும் சிவந்து, விரல்கள் மென்மையாகிவிடும். வாய்க்குள் ஒரு பிரார்த்தனை சொல்லிக்கொள்வார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சொன்னபடி ஓய்வு. எட்டு நாளில் அவர் பாதத்தில் இருந்த பழைய ஆணி கரைந்தது, குதிகால் வெடிப்பு மறைந்தது. தோள் மட்டும் அப்படியே இருந்தது.

அவருக்குப் பக்கத்தில், நீருக்குள், மூன்றாம் படியில் கழுத்து வரை இறங்கி உட்கார்ந்திருப்பவரின் பெயர் 'கழுத்து'. ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். முப்பது வருடம் தாளின் மேல் குனிந்தே இருந்ததில் கழுத்து இறுகிப்போய், யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவார். நாளுக்கு இரண்டு முறை ஊற்றுக்கு வருவார். இரண்டாம் நாளே கத்தரியோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க என்ன தொழில்?"

"முடி திருத்தறேங்க."

"அட! நான் பிழை திருத்தறவன். ரெண்டு பேரும் ஒரே சாதி. வெட்டறதுதான் நம்ம வேலை."

அவருக்கு முடி காலருக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் படிக்கட்டு மாதிரி வெட்டியிருந்தது. கத்தரியின் கண் தினமும் அங்கேதான் போகும். ஆனால் கேட்டதில்லை.

எட்டாம் நாள் புதன்கிழமை. கத்தரி பலகையில் உட்கார்ந்தவர் பதினைந்து நிமிடம் ஆன பிறகும் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை என்பதால் பிழை திருத்துபவர் உடம்போடு திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க, கால் ரொம்ப வலிக்குதா இன்னைக்கு?"

"கால் வலிக்கலைங்க. எனக்குக் கால் வலிச்சதே இல்லை." கத்தரி தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "தோள்தான். இன்னும் நாலு நாள்தான் இருக்கு. கை தலை வரைக்கும் வரலைன்னா என் நாற்காலி போயிடும். கடவுள் பார்த்துக்குவார்னு இருந்தேன். அவருக்கும் எத்தனையோ வேலை."

நீராவி அவர்கள் நடுவே மெதுவாக எழுந்தது.

"தோள் வலிக்கா தினமும் காலை ஊற வைக்கறீங்க?"

"டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்கார்."

"அந்தச் சீட்டு இருக்கா?"

கத்தரி சட்டைப் பையிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த சீட்டை எடுத்தார். பிழை திருத்துபவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு முறை படித்தார். உதடு துடித்தது. சீட்டைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்து, பிரசுரத்துக்குப் போகிற பக்கத்தைப் பார்ப்பது போல இன்னொரு முறை படித்தார். சிரிப்பு தொண்டை வரை வந்ததை அவர் விழுங்கினார். அப்படி விழுங்கியதை நான் பெரிய தர்மம் என்றுதான் சொல்வேன்.

"டாக்டர் தப்பு பண்ணியிருக்கார்" என்றார்.

"டாக்டரா?"

"இந்த வாக்கியத்துல வினைச்சொல்லே இல்லை. வினை இல்லாத வாக்கியம் வேலி இல்லாத தோட்டம் மாதிரி. எது வேணா உள்ள நுழையும். காலை நனைக்கணும்னு எழுதியிருந்தா கால். காலையில் நனையணும்னு எழுதியிருந்தா..."

அவர் முடிக்கவில்லை. கத்தரி சீட்டை வாங்கிப் பார்த்தார். ஐந்தாவது முறையாகவோ ஐம்பதாவது முறையாகவோ. காலை. மட்டும். ஒரு நிமிடம் எழுத்து எழுத்தாகவே இருந்தது. பிறகு அதற்குள்ளிருந்து சூரியன் உதித்தது போல இன்னொரு அர்த்தம் எழுந்து வந்தது.

"காலையில மட்டும்" என்றார் மெல்ல.

"அப்படித்தான் தோணுது."

"நான் சாயங்காலம் வந்திருக்கேன்."

"ஆமாம்."

"சாயங்காலம் வந்து, காலை..."

முதலில் சிரித்தது கத்தரிதான். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்; குலுங்கியதில் தோள் வலித்தது; வலியில் 'ஐயோ' என்றபடியே சிரித்தார். அதன் பிறகுதான் பிழை திருத்துபவர் தன்னுடைய சிரிப்பை அவிழ்த்துவிட்டார். இரண்டு முழங்கால்காரர்களும் என்ன என்ன என்று கேட்டு, விஷயம் தெரிந்து, படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துண்டுக்காரம்மா திறப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாருக்காவது குணமாயிடுச்சா? இவ்வளவு சத்தம்!"

"அம்மா, கால் கால் இல்லையாம். தோளாம்!" என்றார் ஒரு முழங்கால்.

துண்டுக்காரம்மா சிரிக்கவில்லை. துண்டை வைத்துவிட்டு ஓரமாக நடந்து வந்தார். முகம் வாடியிருந்தது.

"நான்ல உங்களுக்குப் பலகையைக் கொடுத்து உக்கார வச்சேன். கேட்டிருக்கணும். காலைத் தண்ணியில விட்டதும் காலுன்னு நினைச்சுட்டேன்."

"இல்லைங்க, நான்ல சொல்லியிருக்கணும்."

"உங்களுக்குப் பேச வாய் இல்லை, எனக்குக் கேக்கக் காது இல்லை. நல்ல ஜோடி" என்று சொல்லிவிட்டு அவர் தன் செல்போனை நீட்டினார். "டாக்டர் நம்பர் சீட்டுல இருக்குல்ல? இப்பவே கேட்டுடுங்க. இன்னொரு தடவை நாமளா அர்த்தம் பண்ண வேண்டாம்."

நர்ஸ்தான் எடுத்தார். கத்தரி கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். காலையில்தான், ஒரு வேளைதான், தோள் முழுக்க நீருக்குள் இருக்க வேண்டும், கழுத்து வரை இறங்கலாம், தலை சுற்றினால் உடனே ஏறிவிட வேண்டும் என்று நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். பிறகு, "இவ்வளவு நாளா எப்படிக் குளிச்சீங்க?" என்று கேட்டார். "ஓரமா" என்றார் கத்தரி.

வியாழக்கிழமை விடிந்ததும் அவர் வந்தபோது, "வாங்க தோள்" என்றார் துண்டுக்காரம்மா. பலகை இருந்த இடத்தில் இல்லை.

முதல் முறையாக மூன்றாம் படிக்கு இறங்கினார். நீர் இடுப்பைத் தொட்டு, மார்பைத் தொட்டு, தோளுக்கு வந்தபோது அவருக்கு மூச்சு ஒரு கணம் நின்று திரும்பி வந்தது. எட்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இது இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆறு மாதமாகப் பூட்டி வைத்திருந்த இடத்தில் யாரோ வந்து மெதுவாகத் தட்டுவது போல இருந்தது. கதவு திறக்கவில்லை. ஆனால் உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். 'உனக்கு எத்தனையோ வேலை என்று நேற்று சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே' என்று இறைவனிடம் சொன்னார்.

வியாழன் அன்று கை கழுத்தடி வரை வந்தது. வெள்ளி அன்றும் அங்கேயேதான் நின்றது. சனிக்கிழமை, நீருக்குள் இருக்கும்போதே, கன்னத்தைத் தொட்டது. தலை இன்னும் தூரத்தில் இருந்தது.

நேரம் முடிந்து கத்தரி இரண்டாம் படிக்கு ஏறி உட்கார்ந்தபோது, பிழை திருத்துபவர் அவருக்கு ஒரு படி கீழே இருந்தார். முன்புறம் பார்த்தபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவருடைய தலை கத்தரியின் மார்புக்கு நேராக, நீராவியில் நனைந்து, படிக்கட்டு முடியோடு இருந்தது. கத்தரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மன்னிச்சுக்கோங்க. இந்த முடியை யார் வெட்டினது?"

"நான்தான். கண்ணாடி முன்னாடி நின்னு."

"எதை வச்சு? அரிவாள்மணையா?"

"பேப்பர் கத்தரிக்கோல்" என்று ஒப்புக்கொண்டார் பிழை திருத்துபவர். "நாலு மாசமா கடைக்கே போகலைங்க. போனா தலையைப் பிடிச்சு முன்னால அமுக்கறாங்க. கண்ணுல தண்ணி வந்துடுது. நாளன்னைக்கு எங்க அச்சகத்துல புது மேனேஜர் வர்றார், இந்தத் தலையோடதான் போய் நிக்கணும்."

கத்தரியின் விரல்கள் அவரைக் கேட்காமலே அந்தப் பிடரிக்குப் போயின. இரண்டு கைகளும். பழக்கம்தான். முடியை விரலிடுக்கில் பிடித்து நீளம் பார்த்தார், காதோரம் ஒதுக்கிப் பார்த்தார், உச்சியிலிருந்து பின்னுக்கு வாரினார். அப்புறம்தான் கவனித்தார். கை வலிக்கவில்லை. மேலே தூக்க வேண்டியிருக்கவில்லை, அதனால் வலிக்கவில்லை. தலை கீழே இருந்தது.

"எழுந்திரிங்க" என்றார். "வெளிப்படியில உக்காருங்க. கத்தரியும் சீப்பும் என் பையில இருக்கு."

"கழுத்து..."

"உங்க கழுத்தை நான் தொடமாட்டேன். நீங்க நேரா உக்காருங்க. வளைய வேண்டியதை நான் வளைஞ்சுக்கறேன்."

ஊற்றுக்கு வெளியே, வெயில் விழும் கல் படிகளில், பிழை திருத்துபவர் கீழ்ப் படியிலும் கத்தரி இரண்டு படி மேலேயும் உட்கார்ந்தார்கள். துண்டுக்காரம்மா ஒரு பழைய துண்டைக் கொடுத்து, "முடி ஒண்ணு குளத்துக்குள்ள வந்தாலும் ரெண்டு பேரையும் வெளியில தள்ளிடுவேன்" என்றார். ஒரு தலைக்குப் பதினைந்து நிமிடம் போதும். அன்று முக்கால் மணி நேரம் ஆனது. காதுக்குப் பின்னால் வெட்ட, தலையைத் திருப்பாமல், கத்தரி படியில் இறங்கிச் சுற்றிப் போய் உட்கார்ந்தார். முன்பக்கத்துக்கு அவர் மண்டியிட்டார். போகிற முழங்கால்களும் இடுப்புகளும் நின்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

"எப்படிங்க இது?" என்றார் பிழை திருத்துபவர் துண்டை உதறிக்கொண்டே. "கை வரலைன்னீங்க. நல்லா வருதே."

"நீங்க கீழ உக்காந்திருக்கீங்க. கடையில வாடிக்கையாளர் மேல உக்காந்திருப்பார்."

"நாற்காலியை இறக்கிக்க முடியாதா? மிதிச்சா இறங்குமே."

"மத்த ரெண்டும் இறங்கும். என்னோடது இறங்காது. மிதி உடைஞ்சுபோச்சு. மேலயே நின்னுடுச்சு."

"எப்போலேர்ந்து?"

கத்தரி சீப்பைத் துடைத்தார். "நாலு வருஷம் இருக்கும்."

"நாலு வருஷமா கையைத் தூக்கித் தூக்கி வெட்டியிருக்கீங்க. முதலாளிகிட்ட சொல்லலையா?"

"அவரே பார்ப்பார்னு இருந்தேன். நல்ல மனுஷன். நாம போய்க் குறை சொன்னா..."

"அடப் பாவி மனுஷா!"

கத்தரிக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடத்தில் வாடிக்கையாளரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இவர் வாடிக்கையாளர் இல்லையே, ஒரே குளத்தில் ஊறியவர்.

"நீங்க மட்டும் என்னவாம்? அமுக்காதீங்க, கழுத்து வலிக்குதுன்னு ஒரு கடைக்காரர்கிட்டயாவது வாயைத் திறந்து சொன்னீங்களா? பேப்பர் கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டீங்க."

பிழை திருத்துபவர் மடியில் விழுந்திருந்த முடியைத் தட்டிவிட்டார். ஊர் முழுக்க எழுதுகிறவர்களின் பிழையைச் சிவப்பு மையால் சுட்டிக் காட்டுகிறவர் அவர்.

"சொல்லலை" என்றார் கடைசியில். சொல்லாமல் பொறுத்துக்கொள்வதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சில சமயம் பொறுமைதான். சில சமயம், எதிரில் இருப்பவருக்கு நல்லவராக இருக்க ஒரு சந்தர்ப்பம் கொடுக்காமல் தடுத்துவிடுவதும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை கை புருவம் வரை வந்தது. அதோடு பன்னிரண்டு நாள் முடிந்தது.

மத்தியானம் தங்கை வீட்டுச் சமையலறையில் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தங்கை பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அண்ணே, வருதுன்னு சொல்லிடு. புருவத்துக்கும் தலைக்கும் நாலு விரல்கூட இல்லை. மீதியை அங்க போய்ப் பார்த்துக்கலாம்."

நான்கு விரல்தான். அது அவருக்கும் தோன்றாமல் இல்லை. வருது தம்பி என்று ஒரு சொல். முதலாளி அளந்து பார்க்கப் போவதில்லை. திங்கட்கிழமை பல்லைக் கடித்துக்கொள்ளலாம், பழகியதுதானே. போனை எடுத்துக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"அண்ணே, சொல்லுங்க" என்றார் முதலாளி மறுமுனையில். கடையில் இல்லை போலிருக்கிறது. குழந்தைகள் சத்தம் கேட்டது.

"தம்பி, தலை வரைக்கும் வரலை. புருவம் வரைக்கும் வருது."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சரி அண்ணே. உண்மையைச் சொன்னதுக்கு..."

"இன்னும் முடிக்கலை தம்பி." கத்தரி போனை இடது கைக்கு மாற்றினார். "நேத்து ஒருத்தருக்கு முழுசா முடி வெட்டினேன். வலிக்கலை. அவர் கீழ உக்காந்திருந்தார். கடையிலயும் நாற்காலி இறங்கினா என்னால வேலை பார்க்க முடியும். கொஞ்சம் மெதுவா இருக்கும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என் நாற்காலியை இறக்கிக் கொடுக்கணும்."

"மிதிச்சா இறங்குமே அண்ணே."

"இறங்காது. மிதி உடைஞ்சு நாலு வருஷம் ஆச்சு."

மறுமுனையில் குழந்தைகளின் சத்தம் தூரப் போனது. முதலாளி வேறு அறைக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது.

"நாலு வருஷமா?"

"ஆமாம் தம்பி."

"நாலு வருஷமா என் பக்கத்துல நின்னுக்கிட்டு... ஏண்ணே சொல்லலை? நான் என்ன, கடிச்சிடுவேனா?" கோபமாகக் கேட்டார். பிறகு கோபம் இறங்கிய குரலில், "நானும் பார்க்கலையே. கண்ணாடியில தினமும் உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். நாற்காலியைப் பார்க்கலை" என்றார்.



"பக்கத்துத் தெருக்காரர்?" என்று கேட்டார் கத்தரி.

"அவருக்கு நான் வாக்கு எதுவும் கொடுக்கலை. நாளைக்கு வாங்க. ஆனா ஒண்ணு, வேலை மெதுவா நடந்தா வாடிக்கையாளர் முணுமுணுப்பாங்க. அதைத் தாங்கிக்கணும். ஒரு மாசம் பார்ப்போம். அதுக்கு மேல என்ன ஆகும்னு இப்போ சொல்லத் தெரியல."

ஒரு மாதம். கத்தரிக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று பஸ்ஸில் ஏறும்போது, முகம் தெரியாத அந்தப் பக்கத்துத் தெருக்காரரையும் தன் பிரார்த்தனையில் சேர்த்துக்கொண்டார். அவருக்கும் எங்காவது ஒரு நாற்காலி கிடைக்க வேண்டும், அது இறங்குகிற நாற்காலியாக இருக்க வேண்டும் என்று வேண்டினார்.

திங்கட்கிழமை கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கத்தரி போனபோது கதவு திறந்திருந்தது. முதலாளி சட்டையைக் கழற்றிவிட்டு, நடு நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தார். பக்கத்தில் ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி, புதிதாக வாங்கிய மிதி. கத்தரியின் செருப்பைப் பார்த்ததும், "அண்ணே, மேல உக்காருங்க. கனம் வேணும்" என்று கீழே இருந்து சொன்னார்.

கத்தரி தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் அதில் உட்கார்ந்ததே இல்லை. முதலாளி மிதியை அழுத்தினார். நாற்காலி ஒரு முனகலோடு இறங்கியது.

முதல் வாடிக்கையாளர், காது உயரத்தைப் பற்றிக் கேட்டவரேதான். உட்கார்ந்ததும் கண்ணாடியைப் பார்த்து, "என்ன கத்தரி, நாற்காலி சிறுத்துப்போச்சா, இல்ல நான் சிறுத்துட்டேனா?" என்றார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இன்னைக்கு மெதுவாத்தான் வரும்."

பின்பக்கம் சரியாக வந்தது. காதோரங்களும் வந்தன, இரண்டும் ஒரே உயரத்தில். உச்சந்தலைக்கு வந்தபோது கை நின்றது. நாற்காலி இதற்கு மேல் இறங்காது. கத்தரி ஒரு மூச்சு வாங்கினார். பல்லைக் கடிக்கப் போனவர், கடிக்கவில்லை.

"தம்பி" என்றார் பக்கத்து நாற்காலியைப் பார்த்து. "இந்த உச்சியைக் கொஞ்சம் வெட்டிக் கொடுக்கறீங்களா?"

முதலாளி தன் வேலையை நிறுத்தி, சீப்பை வாயில் கடித்துக்கொண்டு வந்தார். இரண்டு கத்தரிக்கோல்கள் ஒரே தலையின் மேல் சத்தமிட்டன.

"ஒரு தலைக்கு ரெண்டு ஆளா?" என்றார் வாடிக்கையாளர். "நான் அவ்வளவு பெரிய மனுஷனா ஆயிட்டேனா?"

"அசையாதீங்க" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.